ஸ்பைடர்மேன் ஏன் சிங்கப்பூரில் இல்லை?

கே.கே. நகர்வாசிகளுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. திருச்சி விமான நிலையம் அவர்களுக்கு ஆட்டோ தூரம். சென்னைக்கு பஸ் ஏறினால் ஆறு மணி நேரம். சிங்கப்பூருக்கு விமானம் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சம். அதனால், கோடை விடுமுறைக்கு ஊட்டியா, கொடைக்கானலா என்று பேச்சு நடக்கும்போதே, "பேசாம சிங்கப்பூருக்கே போயிட்டு வந்துடலாமே" என்று ஒரு குரல் எழும். அங்கே ஒரு சித்தப்பாவோ மாமாவோ வேலையில் இருந்துவிட்டால், அந்தக் குரலுக்கு மறுபேச்சு இருக்காது.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரன். பேரனுக்கு ஸ்பைடர்மேன் என்றால் உயிர். என்.எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சிவப்பு - நீல டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் விமானமே ஏறுகிறான். ஆறு மாதமாகச் சேர்த்த பணத்தில் சென்டோசா தீவிலிருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு டிக்கெட். யூடியூபில் எப்போதோ பார்த்த வீடியோ அவன் மனதில் பதிந்திருக்கிறது. யுனிவர்சலில் ஸ்பைடர்மேன் இருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால் அவர் நம் மேல் தாவுவார்!

உள்ளே போனால் டைனோசர் இருக்கிறது, எகிப்திய மம்மி இருக்கிறது, மஞ்சள் மினியன்கள் துள்ளுகின்றன, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ நிற்கிறது. மதியம் வரை சுற்றிய பிறகு பேரன் கேட்கிறான்: "தாத்தா, ஸ்பைடர்மேன் எங்க?"

இல்லை. அந்த வீடியோ பொய்யல்ல. அது அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் இருக்கும் யுனிவர்சல். பெயர் ஒன்று, சின்னம் ஒன்று, சுழலும் பூமி உருண்டைகூட ஒன்று. ஆனால் ஸ்பைடர்மேன் அங்கே மட்டும்தான். விசித்திரம் அதோடு முடியவில்லை. ஸ்பைடர்மேனின் இன்றைய சொந்தக்காரர் யுனிவர்சலே அல்ல. அதன் பரம எதிரியான டிஸ்னி. தன் பிள்ளை போட்டிக் கம்பெனியின் வாசலில் வேஷம் கட்டி ஆடுவதை டிஸ்னி ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கூப்பிட்டுக்கொள்ள முடியாது. ஏன்?

காசில்லாத காலத்துக் கையெழுத்து

1990-களின் மார்வெலை இன்றைய மார்வெலோடு ஒப்பிடக் கூடாது. அது காமிக்ஸ் புத்தகம் போடும் கம்பெனி. 1989-ல் ரொனால்ட் பெரல்மன் என்ற முதலீட்டாளர் 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். கொஞ்ச காலம் காமிக்ஸ் விற்பனை பொங்கியது, பிறகு சரிந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. அந்தப் பத்தாண்டில், கையிலிருந்த நாயகர்களை ஆளுக்கொரு பக்கமாக உரிமம் கொடுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்-மென் திரைப்பட உரிமை ஃபாக்ஸுக்குப் போனது. ஸ்பைடர்மேன் திரைப்பட உரிமை சோனிக்குப் போனது. தாய்வீட்டு நகைகளை அடகுக் கடையில் ஒவ்வொன்றாக வைப்பதுபோல.

அந்த வரிசையில் ஒன்றுதான் 1994 மார்ச்சில் மார்வெலுக்கும் எம்.சி.ஏ. நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தான கேளிக்கைப் பூங்கா ஒப்பந்தம். எம்.சி.ஏ. என்பது அன்றைய யுனிவர்சலின் தாய் நிறுவனம். ஓர்லாண்டோவில் புதிதாக ஒரு பூங்கா கட்டத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் டிஸ்னி வேர்ல்ட். மிக்கி மவுஸை எதிர்த்து நிற்க யாராவது வேண்டாமா? மார்வெலிடம் ஆள்படை இருந்தது, காசு இல்லை. யுனிவர்சலிடம் காசு இருந்தது, ஆள்படை இல்லை.

1999 மே 28 அன்று 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' திறந்தது. அதில் 'மார்வெல் சூப்பர் ஹீரோ ஐலண்ட்' என்று தனிப் பகுதி. ஹல்க் பெயரில் பச்சை நிற ரோலர் கோஸ்டர், டாக்டர் டூம் பெயரில் உயரத்திலிருந்து விழும் கோபுரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பைடர்மேன் சவாரி. தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே குலுங்கித் திரும்பும் வண்டி, சுற்றிலும் முப்பரிமாணத் திரை என்ற அந்தக் கூட்டணி அப்போது உலகத்துக்குப் புதிது.

பத்தாண்டு கழித்துக் கதை தலைகீழானது. 2008-ல் 'அயர்ன் மேன்' படம் வந்தது. 2009 ஆகஸ்ட் 31 அன்று, மார்வெலை 400 கோடி டாலருக்கு வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது கிட்டத்தட்ட 20 ஆயிரம் கோடி ரூபாய். ஆண்டு முடிவதற்குள் பத்திரப்பதிவு மாதிரி எல்லாம் முடிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கதாபாத்திரங்கள் டிஸ்னி கைக்கு வந்தன, கூடவே 1994-ன் பழைய ஒப்பந்தமும்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிது. நீங்கள் ஒரு ஸ்வீட் கடைக்காரர். கே.கே. நகரில் மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு வீட்டை விலைக்கு வாங்குகிறீர்கள். அந்த வீட்டின் முன்பக்கக் கடையில் உங்கள் போட்டியாளர் ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கிறார். பழைய வீட்டுக்காரர் பணமுடையில் இருந்தபோது அவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் சொல்கிறது: 'நீங்கள் கடையை ஒழுங்காக நடத்தும்வரை காலி செய்யச் சொல்ல மாட்டேன், இந்த ஏரியாவில் இதே சரக்கை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன்.' வீடு உங்களுடையது. வாடகையும் உங்களுக்கே வரும். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நீங்களே ஒரு மைசூர்பாகு விற்க முடியாது.

டிஸ்னியின் நிலை அச்சு அசலாக அதுதான். யுனிவர்சல் உரிமக் கட்டணம் கட்டுகிறது. அது மார்வெல் வழியாக டிஸ்னிக்குப் போகிறது. ஓர்லாண்டோவில் ஒரு குழந்தை ஹல்க் பொம்மை வாங்கினால் எதிராளிக்கும் ஒரு பங்கு. வாடகைதாரரோ காலி செய்கிற ஆளாகத் தெரியவில்லை. ஹல்க் ரோலர் கோஸ்டரை 2015-ல் மூடி, கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டி, 2016-ல் மறுபடி திறந்தார்கள். கடைக்கு இவ்வளவு செலவு செய்து டைல்ஸ் ஒட்டுகிறவர் எங்கே போகப்போகிறார்!

ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தமிழ் சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு ஏரியா பிரித்து விற்பது புதிதல்ல. செங்கல்பட்டு ஒருவருக்கு, கோவை ஒருவருக்கு, திருச்சி - தஞ்சை சேர்ந்த 'டி.டி. ஏரியா' இன்னொருவருக்கு. வெளிநாட்டு உரிமை தனி. ஒரு ஏரியாக்காரர் மற்றவர் ஏரியாவில் கால் வைக்க முடியாது. மார்வெல் ஒப்பந்தமும் அப்படித்தான், எல்லைக்கோடு மட்டும் கொஞ்சம் கவித்துவமானது: மிசிசிப்பி ஆறு.

அமெரிக்காவை வடக்கு தெற்காகப் பிளந்து ஓடும் அந்த ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் எந்த மார்வெல் நாயகரையும் வேறு பூங்கா பயன்படுத்தக் கூடாது. ஆற்றுக்கு மேற்கே பயன்படுத்தலாம், ஆனால் 'மார்வெல்' என்ற பெயரை சவாரியின் பெயரிலோ விளம்பரத்திலோ போடக் கூடாது.

காவிரியை வைத்து யோசித்துப் பாருங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் ஸ்பைடர்மேன் ஒரே ஒருவருக்குத்தான் சொந்தம். இந்தப் பக்கம் சத்திரத்திலோ கே.கே. நகரிலோ யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கி நிறுத்தலாம். டிஸ்னிக்கு இரண்டு கரையிலும் கடை இருக்கிறது. கிழக்கே புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட், மேற்கே கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட். விளைவு, ஒரே முதலாளியின் ஒரு கடையில் ஸ்பைடர்மேன் வலை வீசுகிறார். இன்னொரு கடையில் அவர் தலைகாட்டக் கூடாது. கலிபோர்னியாவில் 2021 ஜூன் 4 அன்று திறந்த பகுதிக்கு 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' என்று பெயர். 'மார்வெல் கேம்பஸ்' என்று இல்லாததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அமெரிக்காவைத் தாண்டிய பாரிஸில் டிஸ்னிக்கு அந்தக் கூச்சம் இல்லை. அங்கே அதன் ஹோட்டல் ஒன்றின் பெயரிலேயே மார்வெல் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி உண்டு. வக்கீல் மூளை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு நாயகரைப் பயன்படுத்தினால் அவருடைய 'குடும்பம்' முழுவதும் பயன்பாட்டில் இருப்பதாகக் கணக்கு. அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் ஒருவரை யுனிவர்சல் வைத்திருந்தால் மொத்தக் கூட்டமும் அதற்கு. ஸ்பைடர்மேன் இருந்தால் அவருடைய வில்லன்களும் சேர்த்தி. சம்பந்தி வீட்டார்வரை ரேஷன் கார்டில் ஏற்றிய கதை.

அப்படியானால் டிஸ்னி வேர்ல்டில் மார்வெல் சம்பந்தப்பட்ட எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' கும்பலை யுனிவர்சல் தன் பூங்காவில் பயன்படுத்தியிருக்கவில்லை. 2014-ல் படம் வரும்வரை அந்த மரமனிதனையும் பேசும் ரக்கூனையும் காமிக்ஸ் வாசகர்களைத் தவிர யாருக்கும் பெரிதாகத் தெரியாது. யாருடைய ரேஷன் கார்டிலும் பெயர் இல்லாத இந்த ஐவர்தான் டிஸ்னிக்குக் கிடைத்த சந்து. 2022 மே 27 அன்று ஓர்லாண்டோவின் எப்காட் பூங்காவில் அவர்கள் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர் திறந்தது. பெயரில் 'மார்வெல்' மட்டும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் யுனிவர்சலின் முதலாளிகள் எத்தனை முறை மாறினார்கள் என்பது தனி வேடிக்கை. கையெழுத்துப் போட்டபோது ஜப்பானின் மட்சுஷிட்டா. பிறகு கனடாவின் சீக்ராம், பிரான்ஸின் விவெண்டி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், இப்போது காம்காஸ்ட். வீட்டுக்காரர் மாறினார், வாடகைதாரரும் மாறிக்கொண்டே இருந்தார். பத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடல் தாண்டினால் கதை வேறு

ஜப்பானில் ஒசாகா யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2001-ல் திறந்தது. 2004-ல் அங்கேயும் ஸ்பைடர்மேன் வந்தார். யுனிவர்சலின் மார்வெல் உரிமை ஜப்பானுக்கும் நீண்டிருந்ததால், டோக்கியோ டிஸ்னிலாண்ட் மார்வெல் பக்கமே போகவில்லை. இருபது வருடம் ஓடிய அந்த ஸ்பைடர்மேன் சவாரி 2024 ஜனவரி 22 அன்று மூடப்பட்டது. கடைசி நாளில் அதற்காகவே வரிசையில் நின்றார்கள் ரசிகர்கள்.

டோக்கியோ டிஸ்னிலாண்டைப் பற்றி ஒரு தகவல் பலருக்கு ஆச்சரியம் தரும். 1983-ல் திறந்த அந்தப் பூங்காவில் டிஸ்னிக்கு ஒரு பங்குகூடச் சொந்தமில்லை. 'ஓரியண்டல் லேண்ட்' என்ற ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்துகிறது. டிஸ்னிக்கு டிக்கெட்டிலும் தின்பண்டத்திலும் பொம்மையிலும் ராயல்டி. சிங்கப்பூர் யுனிவர்சலும் அதே ரகம். நடத்துவது கெந்திங் குழுமத்தின் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் சென்டோசா. யுனிவர்சல் கொடுத்திருப்பது பெயரும் கதாபாத்திரங்களும். 2010 மார்ச்சில் அது முதன்முதலாகக் கதவு திறந்தபோது, மார்வெல் டிஸ்னி கைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஓர்லாண்டோவுக்கும் ஜப்பானுக்கும் இருந்த உரிமை சிங்கப்பூருக்கு நீளவில்லை. நம் பேரனின் கேள்விக்குப் பதில் இதுதான்.

உரிமத்தை நம்பிக் கட்டடம் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி, திருச்சிக்காரர்கள் அடிக்கடி போய்வரும் மலேசியாவிலேயே இருக்கிறது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் குளுகுளுவென்றிருக்கும் கெந்திங் ஹைலண்ட்ஸில், உலகின் முதல் '20-ம் செஞ்சுரி ஃபாக்ஸ்' பூங்கா வருவதாக 2013-ல் அறிவிப்பு வந்தது. வேலை இழுத்துக்கொண்டே போனது. இடையில் ஃபாக்ஸை டிஸ்னி விலைக்கு வாங்கும் பேரம் படிந்தது. 2018 நவம்பரில், கெந்திங் மலேசியா 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு ஃபாக்ஸ், டிஸ்னி இரண்டின் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள் என்பது புகார். மலைமேல் கெந்திங்கின் சூதாட்ட விடுதி இருக்கிறது, அதன் பக்கத்தில் தன் பெயர் வருவதை டிஸ்னி விரும்பவில்லை என்பதும் கெந்திங் தரப்பின் குற்றச்சாட்டு. 2019-ல் இரு தரப்பும் சமரசமாகிப் போயின. பூங்கா 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் 2022 பிப்ரவரி 8 அன்று திறந்தது. ஃபாக்ஸ் படங்கள் சிலவற்றின் சவாரிகள் உள்ளே உண்டு. வாசலில் ஃபாக்ஸ் என்ற பெயர் இல்லை.

துபாய் இதற்கு நேர் எதிர். 2016 ஆகஸ்ட் 31 அன்று அங்கே திறந்த 'ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' 15 லட்சம் சதுர அடியில், முழுக்கக் கூரைக்குள், ஏ.சி. போட்டு அமைந்த பூங்கா. துபாயைச் சேர்ந்த குழுமத்தின் சொத்து. டிஸ்னி நடத்தாத அந்தப் பூங்காவில் மார்வெல் என்ற பெயரிலேயே ஒரு பகுதி. ஸ்பைடர்மேன், ஹல்க், தோர் எல்லாரும் அங்கே உண்டு. பக்கத்துப் பகுதியில், டிஸ்னியின் போட்டியாளரான வார்னருக்குச் சொந்தமான கார்ட்டூன் நெட்வொர்க் பொம்மைகள். அமெரிக்காவில் சந்திக்கவே முடியாதவர்கள் பாலைவனத்தில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் குடியிருக்கிறார்கள். அபுதாபியின் யாஸ் தீவிலோ 2018-ல் வார்னர் பிரதர்ஸ் பூங்கா வந்தது. பேட்மேன், சூப்பர்மேன் ரசிகர்களுக்கு அது. அதே யாஸ் தீவில் அடுத்ததாக டிஸ்னி பூங்கா வரப்போகிறது என்று 2025 மே 7 அன்று அறிவித்தார்கள். முதல் போட்டுக் கட்டி நடத்தப்போவது அபுதாபியின் மிரால் நிறுவனம். டிஸ்னி பெயரையும் கதாபாத்திரங்களையும் வடிவமைப்பையும் கொடுத்துவிட்டு ராயல்டி வாங்கிக்கொள்ளும்.

ஆக, டி-ஷர்ட்டில் இருப்பவரைப் பார்க்கத்தான் பிள்ளை வருகிறான் என்றால், டிக்கெட் போடும் முன் பூங்காவின் பெயரைப் பார்த்தால் போதாது. எந்த ஊர்ப் பூங்கா என்று பார்க்க வேண்டும். துபாயில் ஸ்பைடர்மேன் உண்டு. ஹாங்காங் டிஸ்னிலாண்டில் 2017-லிருந்து அயர்ன் மேன் சவாரி உண்டு. ஒசாகாவில் இப்போது இல்லை. சவாரிகள் பராமரிப்புக்காக மூடப்படுவதும் சகஜம் என்பதால், கிளம்பும் வாரம் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஆறு மாதச் சேமிப்பு அல்லவா!

தாத்தாவின் நாயகரும் வாடகைக்கு வந்தவரே

பேரனின் முகவாட்டத்தைப் பார்த்துத் தாத்தா சிரிக்கலாம். ஆனால் அவருடைய பால்யத்து நாயகரும் இதே போன்ற ஒரு உரிமத்தில்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகர் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பாதிப் பேர் அவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் அவர் இங்கிலாந்துக்காரர். 1962-ல் 'வேலியன்ட்' என்ற லண்டன் வார இதழில் பிறந்தவர். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழில் வெளியிடும் உரிமையோடு சிவகாசிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார்.

தாய்நாட்டில் மாயாவியின் உரிமைப் பத்திரமும் கைமாறிக்கொண்டே இருந்தது. பதிப்பகங்கள் ஒன்றையொன்று விழுங்கின. கடைசியில் 2018-ல், ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்போர்டு நிறுவனம் அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் குவியலை வாங்கியது. அங்கே அவரை முதியவர்கள் சிலருக்கே ஞாபகம். சிவகாசி அச்சில் வந்த மாயாவிக்கோ தமிழில் இன்றைக்கும் மறுபதிப்பு கேட்கும் வாசகர்கள் உண்டு. ஒப்பந்தம் போட்டவர்கள் எதிர்பாராத இடத்தில் நாயகர்கள் வேர்விடுவதும் நடக்கத்தான் செய்கிறது.

1984-ல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. அதில் 'ஸ்பைடர்' என்றொரு நாயகர் பிரபலம். கூர்மையான காது, வலைத் துப்பாக்கி, ஆரம்பத்தில் வில்லனாக இருந்து திருந்தியவர். மார்வெல் ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் உறவில்லை. ஆனால் இந்த ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்.

சூப்பர்மேனைப் படைத்தவர் ஏன் லண்டன் இதழுக்குக் கூலிக்கு எழுத வேண்டும்? 1938-ல், இருபத்து மூன்று வயதில், சீகலும் நண்பர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் விற்றார்கள். விலை 130 டாலர். ஏரியா பிரிக்கவில்லை, ஆறு குறுக்கே ஓடவில்லை, காலவரையறை இல்லை. மொத்தமும் போயிற்று. பிறகு வழக்குகள், வறுமை. 1975-ல், சூப்பர்மேன் திரைப்படம் தயாராகும் நேரத்தில் பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்து பெயர் கெட்ட பிறகுதான், வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுக்கவும் அவர்கள் பெயரைப் போடவும் சம்மதித்தது. அந்த 130 டாலரும் அடங்கிய பழைய காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. வெறும் காகிதம். 1,60,000 டாலருக்குப் போனது.

நம் பக்கத்திலும் இப்படி வழக்குகள் உண்டு. கேரளத்தில் 'போபனும் மோளியும்' கார்ட்டூனை வரைந்த டோம்ஸ், மலையாள மனோரமாவை விட்டு விலகியபோது, அந்தக் குழந்தைகள் இருவரும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றம்வரை போனது. பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் என்பதால், அவர் தொடர்ந்து வரைவதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பானது. டெல்லியிலோ 'நாகராஜ்' என்ற இந்திக் காமிக்ஸ் நாயகரைப் பார்த்து இன்னொரு பதிப்பகம் 'நாகேஷ்' என்று ஒருவரை இறக்கியது. பாம்பு சக்தி, பச்சை உடம்பு என்று ஒரே சாயல். 1990-களில் டெல்லி உயர் நீதிமன்றம் நாகேஷுக்குத் தடை போட்டது. நம்மூர்ப் பிறந்தநாள் விழாக்களுக்கு மணிக்கணக்கு வாடகைக்கு வரும் ஸ்பைடர்மேன்களிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை என்பதால், சட்டம் இல்லை என்று அர்த்தமில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. பெரிய கம்பெனிகள் கேக் வெட்டும் ஹாலுக்கு வராமல் இருப்பது அவர்களுடைய சௌகரியம்.

சென்டோசாவுக்குத் திரும்புவோம். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியின் வரிசை நகர்கிறது. 2011 டிசம்பரில், உலகிலேயே முதலாவதாகச் சிங்கப்பூரில் திறந்த சவாரி அது. தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே குலுங்கித் திரும்பும் வண்டி, சுற்றிலும் முப்பரிமாணத் திரை. ஆமாம், 1999-ல் ஓர்லாண்டோவில் ஸ்பைடர்மேனுக்காக யுனிவர்சல் உருவாக்கிய அதே ஏற்பாடு, இன்னும் மெருகேறி. கதாபாத்திரம்தான் இரவல், வண்டி யுனிவர்சலுடையது. ஸ்பைடர்மேன் வராத ஊருக்கும் அவருடைய வண்டி வந்துவிட்டது.

பேரன் இரண்டு முறை ஏறுகிறான். ராத்திரி சிராங்கூன் சாலையில் சித்தப்பா வாங்கிக் கொடுத்த பரோட்டாவைப் பிய்த்தபடி, தாத்தா சொல்லும் கதையைக் கேட்கிறான். ஆள் தெரியாது, கை மட்டும் தெரியும், மின்சாரம் பாய்ந்தால் மாயம்!

"அந்த மாயாவி எந்த பார்க்ல இருக்கார் தாத்தா?"

"எந்தப் பார்க்லயும் இல்லடா கண்ணா. நம்ம வீட்டுப் பரண்ல, டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கார். ஊருக்குப் போனதும் எடுத்துத் தரேன்."